எலும்புப் புற்றுநோய்: கத்திக்கு முன்னே கதிரா?

(தொலைக்காட்சி மருத்துவக் கருத்தரங்கில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும் இங்கே எழுத்து வடிவில் தரப்படுகின்றன.)



நெறியாளர் இந்தத் தலைப்பைச் சொன்னதும் என் எதிரே வந்து அமரும் பெற்றோர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான். முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, திசு எடுத்துப் பரிசோதித்தாயிற்று, எலும்புப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அறுவைச் சிகிச்சை என்ற சொல் காதில் விழுந்ததும் தாயார் கேட்பார்: "டாக்டர், பிள்ளையின் காலில் கத்தி வைக்காமல் முதலில் கதிரியக்கம் கொடுத்துப் பாருங்களேன். அதிலேயே கரைந்துவிட்டால் நல்லதுதானே? கரையாவிட்டால் பிறகு அறுத்துக்கொள்ளலாம்."

இது அறியாமையால் எழும் கேள்வி என்று யாரும் நினைக்கக்கூடாது. நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் கதிரியக்கச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்திருப்பார். மூக்கின் பின்புறத்தில் வரும் புற்றுநோயைக் கத்தியே படாமல் கதிரியக்கத்தால் குணப்படுத்துகிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலும் அப்படிக் குணமானவர்கள் உண்டு. மலக்குடல் புற்றுநோய் என்றால் பலருக்கு முதலில் கதிரியக்கம், பிறகு அறுவை என்பதுதான் வழக்கம். சித்திக்கு அப்படிச் செய்தார்கள், மாமாவுக்கு இப்படிச் செய்தார்கள், என் மகனுக்கு மட்டும் ஏன் கூடாது என்று ஒரு தாய் கேட்பது நியாயமானதே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்புப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. சிலவற்றில் அறுவைக்கு முன் கதிரியக்கம் தருவது நல்லது. பிள்ளைகளுக்கு மிக அதிகமாக வரும் வகையிலோ, அப்படிச் செய்து பார்க்கிறோம் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. எந்த வகை என்று தெரியாமல் "கதிரா, கத்தியா" என்று பேசுவதில் பயனில்லை.

ஒரே பெயர், பல நோய்கள்

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் தாக்குவது ஆஸ்டியோசர்கோமா. எலும்பு வேகமாக வளரும் இடங்களில்தான் இது பெரும்பாலும் வருகிறது. தொடை எலும்பின் கீழ்ப்பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்பகுதி, தோளை ஒட்டிய கை எலும்பு ஆகியவை அந்த இடங்கள். அடுத்து வருவது ஈவிங் சர்கோமா. இதுவும் இளம் வயதினரின் நோய்தான். ஆனால் இடுப்பெலும்பு, விலா எலும்பு போன்றவற்றிலும் தோன்றும். பெரியவர்களுக்குக் குருத்தெலும்பிலிருந்து வரும் காண்ட்ரோசர்கோமா உண்டு. தண்டுவடத்தின் அடியிலோ மண்டை ஓட்டின் அடியிலோ மெதுவாக வளரும் கோர்டோமா என்ற அரிய வகையும் உண்டு.

இவை எல்லாவற்றையும் விட நாங்கள் அதிகம் பார்ப்பது வேறொன்று. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் சுரப்பி ஆகிய இடங்களில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது. அதையும் மக்கள் எலும்புப் புற்றுநோய் என்றே சொல்கிறார்கள். அதன் சிகிச்சை முற்றிலும் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்டியோசர்கோமாவின் அறிகுறி பெரும்பாலும் வலிதான். பந்து விளையாடி அடிபட்டது என்றே பிள்ளையும் சொல்வான், பெற்றோரும் நம்புவார்கள். அடிபட்ட வலி ஓய்வெடுத்தால் குறையும். இந்த வலி ஓய்விலும் இருக்கும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அப்படி நீடித்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில் எந்த நட்டமும் இல்லை.

முதலில் கதிர், பிறகு கத்தி: ஒரு பழைய கதை

தாயார் கேட்ட அதே யோசனை ஒரு காலத்தில் மருத்துவ உலகத்திலேயே நடைமுறையில் இருந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சர் ஸ்டான்ஃபோர்ட் கேட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவர் காலத்தில் ஆஸ்டியோசர்கோமா வந்தால் உடனே காலை எடுத்துவிடுவார்கள். எடுத்தும் என்ன பயன்? நூற்றுக்கு எண்பது பேருக்குச் சில மாதங்களிலேயே நோய் நுரையீரலில் தலைகாட்டிவிடும். காலையும் இழந்து, உயிரையும் இழக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, கேட் ஒரு வழி கண்டார். முதலில் கட்டிக்கு மிக அதிகமான அளவில் கதிரியக்கம் கொடுப்பார். பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருப்பார். அதற்குள் நுரையீரலில் நோய் தெரிந்தால் காலை எடுக்க மாட்டார். எஞ்சிய நாள்களையாவது அந்தப் பிள்ளை இரு கால்களோடு வாழட்டும் என்று விட்டுவிடுவார். நுரையீரல் சுத்தமாக இருந்தால் மட்டுமே அறுவை. 1950-களில் அவர் வெளியிட்ட இந்த முறை பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் பல ஆண்டுகள் பின்பற்றப்பட்டது.

இது இரக்கத்தில் பிறந்த முறை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கதிரியக்கம் யாரையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. பிழைத்தவர்கள் முன்பு போலவே ஏறக்குறைய ஐவரில் ஒருவர்தான். அத்தனை கதிர் கொடுத்த பிறகு எடுக்கப்பட்ட கால்களை வெட்டிப் பார்த்தபோது, பலவற்றில் உயிருள்ள புற்று அணுக்கள் அப்படியே இருந்தன. அந்தக் காத்திருப்பால் சிலருக்கு வீண் அறுவை தவிர்க்கப்பட்டதே தவிர, நோயின் போக்கு மாறவில்லை.

ஏன் அப்படி? கதிரியக்கம் அணுவின் உள்ளே இருக்கும் மரபணுச் சரத்தை அறுக்கிறது. அறுந்த சரத்தைச் சரிசெய்ய முடியாத அணு, பெருகும் நேரத்தில் மடிகிறது. ஆஸ்டியோசர்கோமா அணுக்கள் இந்தப் பழுதைத் தாங்கிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். அதோடு அந்தக் கட்டிகள் பெரியவை; நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போகாது. பிராணவாயு குறைந்த இடத்தில் கதிரின் வேகமும் குறைந்துவிடும். அவற்றை முற்றாக அழிக்கும் அளவுக்குக் கதிரைக் கூட்டினால், சுற்றியுள்ள தோலும் நரம்பும் இரத்தக் குழாயும் தாங்காது.

கதையை மாற்றியது மருந்து

1970-களில்தான் திருப்பம் வந்தது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மிகப் பெரிய அளவில் கொடுத்தால் ஆஸ்டியோசர்கோமா அடங்குகிறது என்று தெரிந்தது. டோக்சோருபிசின் என்ற சிவப்பு நிற மருந்தும் பலன் தந்தது. பின்னர் சிஸ்பிளாட்டின் சேர்ந்தது. இன்றும் இந்த மூன்றுதான் சிகிச்சையின் தூண்கள்.

நேயர்களில் சிலர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ டெரி ஃபாக்ஸ் நினைவு ஓட்டத்தில் கலந்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கனடிய இளைஞருக்கு வந்தது இதே ஆஸ்டியோசர்கோமாதான். 1977-இல், பதினெட்டு வயதில், வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. அதன் பிறகு கீமோதெரபியும் பெற்றார். 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் மாதம் காலமானார். இருபத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அவருடைய நோயும் காலோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த நோயில் காலில் இருக்கும் கட்டி மட்டும் எதிரி அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் கலந்து நுரையீரலில் ஒளிந்திருக்கும் அணுக்கள்தான் உயிரைப் பறிக்கின்றன. காலுக்குக் கொடுக்கும் கதிர் அங்கே எட்டாது. மருந்துதான் எட்டும்.

அறுவைக்கு முன்பே மருந்து கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், காலை எடுக்காமல் கெட்ட எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பு பொருத்தலாம் என்று முயன்றார்கள். அந்த உலோக எலும்பை ஒவ்வொருவரின் அளவுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருப்பானேன் என்று டாக்டர் ஜெரால்டு ரோசன் குழுவினர் மருந்தைத் தொடங்கினார்கள். தச்சர் வேலை முடியும்வரை செய்த ஏற்பாடு பிறகு உலக வழக்கமாகிவிட்டது.

இன்றைய முறை இதுதான்: ஏறக்குறைய பத்து வாரங்களுக்கு மருந்து, பிறகு அறுவை, பிறகு மறுபடியும் சில மாதங்களுக்கு மருந்து. எடுத்த எலும்பைச் சோதனைக் கூடத்தில் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். புற்று அணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்திருந்தால் நல்ல அறிகுறி. நோய் வேறெங்கும் பரவாத நிலையில் வந்தவர்களில் இன்று நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஐவரில் ஒருவர் என்ற நிலையிலிருந்து இங்கே வந்திருக்கிறோம். கையையோ காலையோ முழுதாக எடுப்பதும் இப்போது பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். "ஆபரேஷன்" என்றதும் கால் போய்விடும் என்று அஞ்சி மருத்துவமனைப் பக்கமே வராமல் போன குடும்பங்கள் உண்டு. நான்கு மாதம் கழித்து அதே பிள்ளை மூச்சுத் திணறலோடு வரும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய காலும் போயிருக்கும், உயிரும் ஊசலாடும்.

இன்னொன்று. மருந்து கொடுத்தும் வீக்கம் குறையவில்லையே என்று பெற்றோர் மனம் தளர்வதுண்டு. ஆஸ்டியோசர்கோமா தானே எலும்பை உண்டாக்கும் கட்டி. அணுக்கள் மடிந்தாலும் அது உண்டாக்கிய சுண்ணாம்புக் கட்டுமானம் அங்கேயே நிற்கும். வீட்டுக்காரர் போய்விட்டாலும் வீடு நிற்பது போல. அளவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அப்படியென்றால் ஆஸ்டியோசர்கோமாவில் கதிரியக்கத்துக்கு இடமே இல்லையா? உண்டு. இடுப்பு, தண்டுவடம், மண்டை ஓட்டின் அடிப்பகுதி என்று அறுத்து முழுதாக எடுக்க முடியாத இடங்களில் வந்தால் தருகிறோம். எடுத்த பிறகு ஓரத்தில் நோய் மிஞ்சியிருந்தாலும் தருகிறோம். கதிரின் அளவைக் கிரே என்ற அலகால் சொல்வோம். இத்தகைய கட்டிகளுக்கு 60 கிரேக்கு மேல் தேவைப்படும். ஜப்பானில் சிபா நகரிலுள்ள நிலையத்தில் 1994 முதல் கார்பன் அணுத்துகள்களைச் செலுத்தி இப்படிப்பட்ட கட்டிகளுக்குச் சிகிச்சை தருகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023-இல் புரோட்டோன் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. இந்தத் துகள்கள் கட்டி இருக்கும் ஆழத்தில் தங்கள் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதைத் தாண்டியிருக்கும் உறுப்புகள் தப்பிக்கும். ஆனால் முழங்காலில் வந்த, முழுதாக எடுக்கக்கூடிய கட்டிக்கு இவை அறுவைக்கு மாற்று அல்ல. புதிய கருவி என்ற கவர்ச்சியில் யாரும் ஏமாற வேண்டாம்.

முன்னதாகவே கதிர் தர வேண்டிய நேரங்கள்

ஈவிங் சர்கோமாவின் கதை வேறு. அமெரிக்க நோயியல் நிபுணர் ஜேம்ஸ் ஈவிங் 1921-இல் இந்த நோயைத் தனியாக இனங்கண்டு எழுதியபோதே, கதிரியக்கத்துக்கு இது நன்றாகக் கட்டுப்படுகிறது என்று கவனித்தார். மற்ற எலும்புக் கட்டிகளிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க அதுவும் ஒரு காரணமாயிற்று. இதற்கும் முதலில் மருந்துதான். சுமார் மூன்று மாத மருந்துக்குப் பிறகு கட்டியை என்ன செய்வது என்று குழுவாகக் கூடி முடிவெடுப்போம். எளிதில் எடுக்கக்கூடிய எலும்பு என்றால் அறுவை. எடுக்கவே முடியாத இடமென்றால் கதிரியக்கம் மட்டும். எடுக்கலாம், ஆனால் ஓரம் மிக மெல்லியதாக இருக்கும் என்ற இக்கட்டான நிலையில்தான், குறிப்பாக இடுப்பெலும்பில், அறுவைக்கு முன்பே கதிரியக்கம் கொடுப்பதைப் பற்றிச் சிந்திக்கிறோம்.

முன்னதாகக் கொடுப்பதில் என்ன இலாபம்? இதைப் பற்றி நல்ல ஆய்வு நடந்தது எலும்பில் அல்ல, எலும்பை ஒட்டிய சதையில் வரும் சர்கோமாவில். கனடாவில் 190 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன் ஐந்து வாரங்களில் 50 கிரே. மறு பிரிவுக்கு அறுவைக்குப் பின் 66 கிரே. 2002-இல் முடிவு வெளியானது. முன்னதாகக் கதிர் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் வந்தது. பின்னர் பெற்றவர்களில் அது 17 விழுக்காடுதான். இதைப் பார்த்ததும் பின்னர் கொடுப்பதே மேல் என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பின்னர் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்குச் சதை கயிறு போல இறுகிப்போயிருந்தது. முன்னதாகப் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. காயம் ஆறாதது சில மாதத் துன்பம். சதை இறுகி மூட்டு மடங்காமல் போவது ஆயுள் முழுவதும். என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், இளம் வயதினருக்கு முதல் துன்பத்தையே தேர்ந்தெடுப்பேன்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. அறுவைக்கு முன் கட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். அதை மட்டும் குறிவைக்கலாம். இரத்த ஓட்டம் அறுபடாததால் பிராணவாயு இருக்கும். குறைந்த கதிரே போதும். அறுவைக்குப் பின்னரோ, கத்தி பட்ட இடம், தையல் போட்ட இடம், குழாய் வைத்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பரந்த பகுதிக்குக் கொடுக்க வேண்டும். கதிர் முடிந்ததும் நான்கிலிருந்து ஆறு வாரங்கள் வரை விட்டு, தோலின் சிவப்பு தணிந்த பிறகு அறுவை செய்வோம். முதுகெலும்பின் அடியில் வரும் கோர்டோமாவிலும் இதே யோசனையில் சில நிலையங்கள் முன்னதாக ஒரு பகுதிக் கதிரைத் தருகின்றன.

பிள்ளைகள் விஷயத்தில் எங்களைத் தயங்க வைக்கும் காரணங்களும் உண்டு. தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு முழங்காலை ஒட்டிய வளர்ச்சித் தட்டில்தான் நடக்கிறது. அங்கே கதிர் பட்டால் அந்தக் கால் குட்டையாகிவிடும். கதிர் பட்ட எலும்பு பின்னாளில் எளிதில் முறியும். அந்த இடத்தில் உலோக மூட்டு வைத்தால் கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும். பல ஆண்டுகள் கழித்துக் கதிர் பட்ட இடத்திலேயே புதிய புற்றுநோய் வருவதும் அரிதாக உண்டு. 1920-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், இருட்டில் ஒளிரும் கடிகாரங்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசிய இளம்பெண்கள் தூரிகையை உதட்டால் கூர்மையாக்கிக்கொண்டே வேலை செய்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னர் எலும்பில் சர்கோமா வந்தது. எலும்புப் புற்றுக்கு மருந்தாக நாம் நினைக்கும் கதிரே எலும்புப் புற்றை உண்டாக்கவும் கூடும் என்று உலகம் அறிந்துகொண்டது அவர்களால்தான்.

எலும்பை வெளியே எடுத்துக் கதிர் கொடுப்பது

நெறியாளர் கேட்டுக்கொண்டதால் இதையும் சொல்கிறேன். ஆஸ்டியோசர்கோமாவுக்கு உடலைச் சேதப்படுத்தாமல் மிக அதிகக் கதிர் கொடுக்க ஒரு வழி உண்டு. எலும்பையே உடலை விட்டு வெளியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது! கேட்க விந்தையாக இருக்கும். 1968-இலேயே இஸ்ரேலிய மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ஆசிய நாடுகள் பலவற்றில் இன்று செய்யப்படுகிறது.

அறுவை மருத்துவர் நோயுள்ள எலும்புத் துண்டை முழுதாக வெட்டி எடுப்பார். அதில் ஒட்டியிருக்கும் கட்டியையும் சதையையும் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். எலும்பைக் கிருமி நீக்கிய பைகளில் அடுக்கடுக்காகச் சுற்றி, கதிரியக்கப் பிரிவுக்குக் கொண்டு செல்வார்கள். அங்கே ஒரே தடவையில் 50 கிரே அல்லது அதற்கு மேல் கொடுக்கப்படும். நினைத்துப் பாருங்கள், உடலில் ஐந்து வாரங்களில் பிரித்துக் கொடுப்பதை இங்கே ஒரே மூச்சில் கொடுக்கிறோம். தோலோ நரம்போ அங்கே இல்லாததால் அஞ்ச வேண்டியதில்லை. அதற்குள் நோயாளி மயக்கத்திலேயே அறுவை மேடையில் இருப்பார். எலும்பு திரும்பி வந்ததும் பழைய இடத்திலேயே தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவார்கள். அவருடைய சொந்த எலும்பே என்பதால் அளவு கச்சிதமாக இருக்கும். பல்லாயிரம் வெள்ளி விலையுள்ள உலோக எலும்பு வாங்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. கதிர் பட்ட எலும்பு உயிரற்றது. அது பக்கத்து எலும்போடு ஒட்டப் பல மாதங்கள் ஆகும், சில நேரம் ஓர் ஆண்டுகூட. இடையில் முறியலாம், கிருமி தொற்றலாம். நோய் எலும்பை மிகவும் அரித்துவிட்டிருந்தால் இந்த முறை சரிப்படாது. ஊன்றிக்கொள்ள வலுவான எலும்பு மிச்சம் இருக்க வேண்டும். கதிரியக்கப் பிரிவும் அறுவைக் கூடமும் ஒரே வளாகத்தில் இல்லாத மருத்துவமனையிலும் இது நடைமுறைக்கு ஒத்துவராது. இதை வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

பரவிய நோயில் வரிசை மாறும்

இனி, வேறு இடத்திலிருந்து எலும்புக்குப் பரவிய நோய். இங்கே கதிரியக்கத்தின் வேலை வலியைப் போக்குவது. ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலே பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. பத்து நாள் கொடுப்பதற்கு இணையான வலி நிவாரணம் அதில் கிடைக்கிறது, பின்னர் மறுபடி கொடுக்க வேண்டிய வாய்ப்பு மட்டும் சற்று அதிகம். ஒரே நாளில் முடித்துவிட்டார்களே, அக்கறை இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

எலும்பு முறியும் நிலையில் இருந்தால் முதலில் உள்ளே கம்பி வைத்து நிறுத்திவிட்டு, காயம் ஆறிய பிறகே கதிர். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியிலும், ஒரே இடத்தில் அழுத்தம் இருந்து, உடல் தாங்கும் என்றால், முதலில் அறுவை நல்லது. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை செய்து பிறகு கதிர் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடக்க முடிந்தது. கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர்தான். முதுகுத் தோலில் முன்னதாகவே கதிர் பட்டுவிட்டால் பிறகு வெட்டிய காயம் ஆறுவதும் சிரமம். கால் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் கிளினிக் நேரம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

நேயர்களின் கேள்விகள்

வீக்கத்தை முதலில் உருவி விட்டுப் பார்க்கலாமா என்று ஈப்போவிலிருந்து ஓர் அன்பர் கேட்டார். காரணம் தெரியாத, தொட்டால் கெட்டியாக இருக்கும் வீக்கத்தை உருவக்கூடாது. சுளுக்கு எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை; சுளுக்குக்கு அவர்கள் கை நல்ல கையாக இருக்கலாம். ஆனால் புற்றுநோய் அரித்த எலும்பு, அழுத்தத்தில் முறிந்துவிடும். முறிந்தால் புற்று அணுக்கள் சுற்றியுள்ள சதையெங்கும் சிந்தும். அப்போது காலைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.

கிள்ளானிலிருந்து ஒரு தாயார், பக்கத்திலிருக்கும் மருத்துவமனையிலேயே திசுப் பரிசோதனையை முடித்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டார். அம்மா, அவசரப்படாதீர்கள். ஊசி நுழைந்த பாதையிலும் புற்று அணுக்கள் ஒட்டியிருக்கலாம். கடைசி அறுவையின்போது அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். தவறான இடத்தில் துளை போட்டுவிட்டால், காப்பாற்ற வேண்டிய நரம்பையும் தசையையும் சேர்த்து இழக்க நேரும். எனவே இறுதி அறுவையை எந்த மருத்துவக் குழு செய்யப்போகிறதோ, அந்தக் குழுவிடமே அல்லது அதன் ஆலோசனையின்படியே பரிசோதனை செய்வது நல்லது. முழு எலும்பின் எம்ஆர்ஐ படமும் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஐந்து வாரம் தினமும் வந்து போக முடியாதே, தோட்டத்தில் வேலை செய்கிறோம் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். கதிரியக்கச் சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். மேடையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான், பயணம்தான் பாரம். நம் நாட்டில் இந்த வசதி பெரிய நகரங்களில் மட்டுமே இருக்கிறது. மருத்துவமனையில் சமூகநல அதிகாரி என்று ஒருவர் இருப்பார். தங்குமிடம், பயணச் செலவு, பிள்ளையின் பள்ளிக்குக் கடிதம் ஆகியவற்றுக்கு அவரைப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நடுவில் நாலு நாள் விட்டுவிட்டு வந்தால் அந்த இடைவெளியில் புற்று அணுக்கள் மீண்டும் பெருகும்; பாதியில் நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடைசியாக ஜொகூர் பாருவிலிருந்து ஒரு சகோதரி. தம்பிக்கு இடுப்பில் ஈவிங் சர்கோமா, அறுவைக்கு முன் கதிர் கொடுக்கிறார்கள். தான் கருவுற்றிருப்பதால் தம்பியின் அருகே போகக்கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள் என்றார். சகோதரி, தாராளமாகப் போங்கள். வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் கொடுக்கும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல அந்த நொடியே நின்றுவிடுகிறது. தம்பியின் உடலில் எதுவும் தங்காது. அவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் உட்காரலாம், கட்டிக்கொள்ளலாம். சற்றுமுன் சொன்னேனே, வெளியே எடுத்துக் கதிர் கொடுத்துத் திரும்ப வைக்கும் எலும்பு, அதிலும் இதே கதைதான். அவருக்கு மருந்தும் சேர்ந்து நடப்பதால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். சளி காய்ச்சல் இருக்கும்போது மட்டும் நீங்கள் அவர் அருகே போகாமல் இருங்கள்; அது உங்களுக்காக அல்ல, அவருக்காக.